உக்ரைன்ல போர், ஜெர்மனிக்குள்ள சண்டை: ஒரே போரைப் பத்தி ஒரு நாட்டுக்குள்ள இத்தனை கருத்து எப்படி வருது?

2022 பிப்ரவரி 24 அன்னிக்கு ரஷ்யா உக்ரைனுக்குள்ள படையை இறக்குனப்போ, நம்ம ஊர்ல இருந்து டாக்டருக்குப் படிக்கப் போன பசங்க கார்கிவ்லயும் கீவ்லயும் மாட்டிக்கிட்டதால அந்த ஊர் பேரெல்லாம் நமக்கு ஒரே வாரத்துல மனப்பாடம் ஆயிடுச்சு. அவங்க பத்திரமா திரும்பி வந்ததுக்கு அப்புறம் நம்ம நியூஸ்ல அந்தப் போர் கொஞ்சம் கொஞ்சமா சுருங்கி, ரஷ்யா அடிக்குது, உக்ரைன் திருப்பி அடிக்குது, ஐரோப்பா ஆயுதம் குடுக்குதுன்னு மூணு வரிக்குள்ள வந்து நின்னுடுச்சு. இதுல அந்த மூணாவது வரி எனக்கு ரொம்ப நாளா உறுத்துது. ஐரோப்பான்னு ஒரே ஆள் உக்காந்து முடிவெடுக்கல. ஒவ்வொரு நாட்டுக்குள்ளயும் இதை வச்சு கட்சி உடைஞ்சிருக்கு, புதுக் கட்சி முளைச்சிருக்கு, ஜெர்மனில ஆட்சி கவிழ்ந்ததுக்கே இது ஒரு காரணம். அதனால வெளிநாட்டுல நடக்குற ஒரு போர் எப்படி உள்நாட்டு அரசியலா மாறுதுங்கிறதை, ஒண்ணுமே தெரியாதவங்களுக்கும் புரியுற மாதிரி, முக்கியமா ஜெர்மனியை வச்சு சொல்லிப் பாக்குறேன்.

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். "நீங்க உக்ரைனை ஆதரிக்கிறீங்களா?" அப்படின்னு கேக்குறது ஒரே கேள்வி மாதிரி தெரியும், ஆனா அதுக்குள்ள ஒன்பது கேள்வி இருக்கு. யார் மேல தப்பு, அகதிகளைச் சேத்துக்கணுமா, ரஷ்யா மேல பொருளாதாரத் தடை போடணுமா, அதனால நம்ம கேஸ் பில் ஏறுனா பரவாயில்லையா, பணம் குடுக்கணுமா, ஆயுதம் குடுக்கணுமா, குடுத்தா எந்த ஆயுதம், பேச்சுவார்த்தைக்கு இப்பவே உக்காரச் சொல்லணுமா, கடைசியா நம்ம வீட்டுப் பையன் ராணுவத்துக்குப் போகணுமா. ஒரே மனுஷன் முதல் மூணுக்கு ஆமான்னும், நாலாவதுக்கு யோசிச்சும், அஞ்சாவதுல இருந்து வேண்டாம்னும் சொல்லலாம். ஊர்த் திருவிழா நடத்தலாமான்னு கேட்டா எல்லாருமே நடத்தணும்னுதான் சொல்வாங்க, வரி வசூலுக்கு நோட்டு எடுத்துக்கிட்டு வீடு வீடா வரும்போதுதான் யாரு எந்தப் பக்கம்னு தெரியும் இல்லையா, அதே கதைதான். ஜெர்மனில ரஷ்யா பண்ணது தப்புன்னு சொல்றவங்க ரொம்பப் பெரிய மெஜாரிட்டி. ஆனா 2023 ஜனவரில லெப்பர்ட் டாங்கி அனுப்பலாமான்னு கேட்டப்போ நாடு ஏறக்குறைய சரிபாதியா பிரிஞ்சுச்சு, அடுத்த வருஷம் டாரஸ்ங்கிற தொலைதூர ஏவுகணை அனுப்பலாமான்னு கேட்டப்போ பாதிக்கு மேல வேண்டாம்னாங்க. அதே ஜனங்கதான், போர் மேல இருந்த எண்ணமும் பெருசா மாறல, கேள்விதான் மாறுச்சு.

இதை மனசுல வச்சுக்கிட்டு ஜெர்மனிக்கு வருவோம்.

போருக்கு ஒரு மாசம் முன்னாடி வரைக்கும் ஜெர்மனி உக்ரைனுக்குக் குடுக்குறேன்னு சொன்னது 5,000 ஹெல்மெட். கீவ் மேயர் விட்டாலி கிளிச்கோ, அடுத்து என்ன, தலையணை அனுப்பப் போறீங்களான்னு கோவமா கேட்டாரு. போர் ஆரம்பிச்சு மூணாவது நாள், பிப்ரவரி 27 ஞாயித்துக்கிழமை, நாடாளுமன்றத்தைக் கூட்டி அப்போதைய சான்சலர் (நம்ம பிரதமர் மாதிரி) ஓலாஃப் ஷோல்ஸ், காலமே மாறிடுச்சுன்னு அறிவிச்சு, ராணுவத்துக்குன்னு தனியா 100 பில்லியன் யூரோ ஒதுக்குறதா சொன்னாரு, அதே நாள் பெர்லின் தெருவுல ஒரு லட்சத்துக்கும் மேல ஜனங்க போரை எதிர்த்து ஊர்வலம் போனாங்க. அந்த வாரத்துல நாடே ஒத்துமையா இருந்த மாதிரி தெரிஞ்சுது, உண்மையிலேயே பெரும்பாலும் இருந்துச்சு. அதுக்கு அப்புறம் வந்துச்சு கேஸ்.

2021 கணக்குப்படி ஜெர்மனி இறக்குமதி பண்ண கேஸ்ல பாதிக்கும் மேல ரஷ்யாவுல இருந்து வந்தது. இது ஏதோ கவனக்குறைவுல நடந்ததில்ல. 1970கள்ல சான்சலர் வில்லி பிராண்ட் காலத்துல இருந்து, வியாபாரம் பண்ணிக்கிட்டே இருந்தா சண்டை வராதுங்கிற நம்பிக்கைல கட்சி வித்தியாசம் இல்லாம எல்லாரும் வளர்த்த உறவு அது. பிராண்டோடவும் ஷோல்ஸோடவும் கட்சியான எஸ்பிடிங்கிற மிதவாத இடதுசாரிக் கட்சிக்கு அது கிட்டத்தட்ட குலதெய்வம் மாதிரியான கொள்கை, அதுக்காக அவருக்கு 1971ல அமைதி நோபல் பரிசே கிடைச்சுது. அதே கட்சில இருந்து வந்த இன்னொரு சான்சலர் கெர்ஹார்ட் ஷ்ரோடர் பதவி போன கையோட ரஷ்யாவுல இருந்து ஜெர்மனிக்குக் கடலடில கேஸ் கொண்டு வர்ற நார்ட் ஸ்ட்ரீம் பைப்லைன் கம்பெனில உயர்ந்த பொறுப்புல போய் உக்காந்தாரு, அது இன்னிக்கு வரைக்கும் அந்தக் கட்சிக்கு அவமானம். போருக்கு ரெண்டு நாள் முன்னாடி புது பைப்லைனோட அனுமதியை நிறுத்தினாங்க, பழைய பைப்லைன்ல ரஷ்யா கொஞ்சம் கொஞ்சமா கேஸைக் குறைச்சு 2022 ஆகஸ்ட் கடைசியோட மொத்தமா நிறுத்திடுச்சு, செப்டம்பர் 26 அன்னிக்கு பால்டிக் கடலுக்கு அடில பைப்பே வெடிச்சுது. அந்த வெடி விஷயத்துல ஜெர்மன் விசாரணை பின்னாடி உக்ரைன்காரங்க பக்கம் திரும்புனது தனிக் கதை, போருக்கு உதவி வேண்டாம்னு சொல்ற கட்சிகள் அதை விடாம பேசிக்கிட்டே இருக்காங்க.

அந்தக் குளிர்காலத்தை நினைச்சுப் பாருங்க. விலைவாசி உயர்வு 8 சதவீதத்தைத் தாண்டுச்சு, கேஸ் பில்லு எவ்வளவு வரும்னு யாருக்கும் தெரியல, பேக்கரிக்காரங்க அடுப்பை எரிக்க முடியுமான்னு பயந்தாங்க. அரசாங்கம் 200 பில்லியன் யூரோ வரைக்கும் செலவு பண்ணி விலைக்கு ஒரு உச்சவரம்பு வச்சுது, வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்துல திரவ கேஸ் இறக்குற டெர்மினலை பத்து மாசத்துக்குள்ள கட்டி டிசம்பர்ல திறந்தாங்க. யாரும் குளிர்ல உறைஞ்சு போகல, அது உண்மையிலேயே பெரிய சாதனை, ஆனா ஜனங்க மனசுல நின்னது டெர்மினல் இல்ல, பில்லுதான்.

இப்போ ஒரே ஒரு ஊரைக் கிட்டப் போய்ப் பாப்போம், ஏன்னா பொதுவா பேசிக்கிட்டே போனா இது விளங்காது. ஷ்வெட்னு போலந்து எல்லைல, ஓடர் ஆத்தங்கரைல ஒரு சின்ன ஊர், 1990 வரைக்கும் சோவியத் பிடில தனி நாடா இருந்த பழைய கிழக்கு ஜெர்மனி. 1960கள்ல அங்க ஒரு பெரிய ரிஃபைனரி கட்டி, ரஷ்யாவுல இருந்து ட்ருஷ்பாங்கிற பைப்லைன்ல கச்சா எண்ணெய் கொண்டு வந்து சேத்தாங்க. ஊரே அந்த ரிஃபைனரியை நம்பி வளந்த ஊர், ஏறக்குறைய 1,200 பேருக்கு அங்க நேரடி வேலை, பெர்லின்லயும் சுத்துப்பட்டுலயும் ஓடுற வண்டிகளுக்கு பெரும்பாலும் அங்கிருந்துதான் பெட்ரோல் டீசல். அதுல பாதிக்கு மேல பங்கு ரஷ்யாவோட ராஸ்நெஃப்ட் கம்பெனிக்கு. ரஷ்ய எண்ணெயை நிறுத்தப் போறோம்னு முடிவானதும் 2022 மே மாசம் பொருளாதார அமைச்சர் ராபர்ட் ஹாபெக் நேர்ல அங்க போனாரு, ரிஃபைனரி கேன்டீன்ல மேசை மேல ஏறி நின்னு தொழிலாளிங்ககிட்ட பேசினாரு. எண்ணெய் வேற வழில கொண்டு வருவோம், வேலை போகாமப் பாத்துக்குறோம், ஆனா சிக்கல் வரலாம்னு சொன்னாரு. 2023 ஜனவரி 1ல இருந்து ரஷ்ய எண்ணெய் நின்னுச்சு, ரோஸ்டாக் துறைமுகம் வழியாவும் போலந்தோட க்டான்ஸ்க் வழியாவும் அப்புறம் கஸகஸ்தான்ல இருந்தும் எண்ணெய் வந்துச்சு, ரிஃபைனரி மூடல.

சரி, மூடலைல்ல, அப்புறம் என்ன கோவம்னு கேக்கலாம். அங்கதான் 1990 வருது. கிழக்கு ஜெர்மனி மேற்கோட சேர்ந்தப்போ அங்க இருந்த ஆயிரக்கணக்கான அரசு ஆலைகளை ஒரு ஏஜென்சி வச்சு வித்தாங்க இல்ல இழுத்து மூடினாங்க, ஒரு தலைமுறையே வேலை இழந்து நின்னுச்சு, அப்பவும் பெரிய ஆளுங்க வந்து எல்லாம் சரியாயிடும்னு சொல்லிட்டுப் போனாங்க. அதைப் பார்த்தவங்க இன்னும் உயிரோட இருக்காங்க, அவங்க பிள்ளைங்க ஓட்டுப் போடுறாங்க. அதனால தலைநகர்ல இருந்து ஒரு அமைச்சர் வந்து "இந்தத் தியாகம் தேவை"ன்னு சொல்லும்போது அவங்க காதுல விழுறது உக்ரைன் இல்ல, 1990. இதைப் புரிஞ்சுக்காம கிழக்கு ஜெர்மனிக்காரன் எல்லாம் புடின் ஆளுன்னு சொல்றது எனக்கு ரொம்ப அநியாயமா படுது.

அதுக்காக வேற பக்கமும் சாய்ஞ்சுடக் கூடாது. கிழக்குல ரஷ்யா மேல ஒரு பழைய பழக்கம் இருக்கு, ஸ்கூல்ல எல்லாரும் ரஷ்ய மொழி படிச்சாங்க, சோவியத் சிப்பாய்ங்க லட்சக்கணக்குல அங்கயே இருந்து கடைசி ஆள் 1994லதான் கிளம்பினாரு, அதனால ரஷ்யர்கள்னா டிவில பார்த்த ஆள் இல்ல, பக்கத்துல இருந்த ஆள். ஆனா அந்தப் பக்கத்துல இருந்த ஆளுங்களோட டாங்கிதான் 1953 ஜூன்ல தொழிலாளர் எழுச்சியை நசுக்குச்சு. முன்னாள் ஜனாதிபதி யோஆஹிம் காவுக் கிழக்குல ரோஸ்டாக்ல பொறந்தவரு, அவர் சின்னப் பையனா இருந்தப்போ 1951ல அவங்க அப்பாவை சோவியத்காரங்க பிடிச்சு சைபீரியா முகாமுக்கு அனுப்பிட்டாங்க. அவர் இன்னிக்கு உக்ரைனுக்கு ஆயுதம் குடுத்தே ஆகணும்னு உரக்கப் பேசுறவங்கள்ல ஒருத்தர். ஒரே மண்ணு, ஒரே காலம், ரெண்டு விதமான நினைவு. கருத்துக்கணிப்புல கிழக்கு ஆயுத உதவிக்கு எதிரா மேற்கை விட அதிகமா சாயுதுங்கிறது உண்மை, ஆனா அது சராசரிதான், அதை வச்சு தனி மனுஷனை எடை போட முடியாது.

இப்போ கட்சிங்க. இங்கதான் இடதுசாரி வலதுசாரிங்கிற பழைய கணக்கு வேலை செய்யாது. பசுமைக் கட்சி 1980ல அணு ஆயுத எதிர்ப்பு, அமைதி இயக்கம்னு ஆரம்பிச்ச கட்சி, அவங்கதான் இன்னிக்கு கனரக ஆயுதம் குடுங்கன்னு முதல்ல கத்துறவங்க, அவங்களோட ஆன்டோன் ஹோஃப்ரைட்டர் மாதிரி ஆளுங்க ஷோல்ஸை விடாம நச்சரிச்சாங்க. அவங்க சொல்ற நியாயம் இதுதான்: மனித உரிமைன்னு இத்தனை வருஷம் பேசிட்டு, ரஷ்யப் படை புகுந்த புச்சாங்கிற உக்ரைன் ஊர்ல தெருவுல பொணம் கிடக்கும்போது கையைக் கட்டிக்கிட்டு நிக்க முடியாது. எஸ்பிடிக்குள்ள ரெண்டு மனசு, ஆயுதமும் குடுத்தாங்க, ஜெர்மனி அமெரிக்காவுக்கு அடுத்தபடியா பெரிய உதவியாளர்ல ஒண்ணா ஆச்சு, அதே நேரம் ஒவ்வொரு புது ஆயுதத்துக்கும் மாசக்கணக்கா தயங்கினாங்க, அவங்க நாடாளுமன்றக் குழுத் தலைவரா இருந்த ரோல்ஃப் மூட்ஸெனிஷ் 2024 மார்ச்ல இந்தப் போரை எப்படி உறைய வைக்கலாம்னு யோசிக்கக் கூடாதான்னு கேட்டு ரெண்டு பக்கமும் திட்டு வாங்கினாரு. அப்போ எதிர்க்கட்சியா இருந்த, மிதவாத வலதுசாரி சிடியு டாரஸையும் குடுங்கன்னு நின்னுச்சு, ஆனா அதே சிடியுல இருந்து சாக்ஸனி மாநில முதல்வரா இருக்குற மிஷாயேல் க்ரெட்ச்மர் பேச்சுவார்த்தை, பேச்சுவார்த்தைன்னு ஆரம்பத்துல இருந்தே சொல்லிக்கிட்டிருந்தாரு, அவர் ஓட்டு இருக்குற இடம் கிழக்கு.

ஆயுதம் வேண்டாம்னு சொல்ற பக்கத்துலயும் ஒரே குரல் இல்ல. தீவிர வலதுசாரி ஏஎஃப்டி, உக்ரைனுக்கு ஆயுதம் கூடாது, ரஷ்யா மேல தடை கூடாதுன்னு சொல்லும், ஆனா சொந்த நாட்டு ராணுவத்தைப் பலப்படுத்தணும், கட்டாய ராணுவ சேவை திரும்ப வேணும்னு அவங்க கட்சித் திட்டத்துலயே இருக்கு. இடதுசாரி லிங்க கட்சி ரஷ்யாவைக் கண்டிக்கும், ஆயுதம் அனுப்புறதையும் எதிர்க்கும், ராணுவச் செலவையும் எதிர்க்கும். அங்கிருந்து பிரிஞ்சு போன சாரா வாகன்க்னெக்ட், 2023 பிப்ரவரில பெண்ணுரிமைப் போராளி அலிஸ் ஷ்வார்ட்ஸரோட சேர்ந்து அமைதிக்கான அறிக்கைன்னு ஒண்ணு வெளியிட்டு, லட்சக்கணக்குல கையெழுத்து வாங்கி, பிராண்டன்பர்க் கேட் முன்னாடி பெரிய கூட்டம் போட்டாரு, அடுத்த ஜனவரில தன் பேர்லயே தனிக் கட்சி ஆரம்பிச்சாரு. அந்தக் கூட்டத்துக்கு வந்தவங்கள்ல 1980கள்ல ஏவுகணை எதிர்ப்புப் போராட்டத்துல நின்ன வயசானவங்களும் இருந்தாங்க, ஏஎஃப்டி ஆளுங்களும் வந்தாங்க. எல்லாரையும் ஒரே கூடைல போட முடியாது. ஆனா அந்த அறிக்கை மேல எனக்கு இருக்குற வருத்தத்தையும் சொல்லியே ஆகணும், பேச்சுவார்த்தை வேணும்னு கேக்குறது நியாயமான கோரிக்கை, ஆனா யார் யார் வீட்டுக்குள்ள புகுந்தாங்கங்கிறதை அழுத்தமா சொல்லாம ரெண்டு பக்கமும் விட்டுக் குடுக்கணும்னு சொன்னா, ரஷ்யா தரைமட்டமாக்கிப் பிடிச்ச மரியுபோல் ஊர்ல வீடு இழந்தவனுக்கு அது என்ன பதில்?

2024 செப்டம்பர்ல கிழக்குல மூணு மாநிலத் தேர்தல் நடந்துச்சு. துரிங்கியாவுல ஏஎஃப்டி 32.8 சதவீதத்தோட முதலிடம், வாகன்க்னெக்ட்டோட கட்சி, ஆரம்பிச்சு ஒரு வருஷம்கூட ஆகல, அங்க 15.8 சதவீதம், பிராண்டன்பர்க்ல 13.5 சதவீதம். மாநில அரசாங்கம் ஸ்கூல் நடத்தும், போலீஸ் நடத்தும், வெளியுறவுல அதுக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. ஆனாலும் கூட்டணிக்கு வரணும்னா போரைப் பத்தியும், அமெரிக்கா ஜெர்மனில வைக்கப் போறதா அப்போ அறிவிச்ச ஏவுகணைகளைப் பத்தியும் நம்ம நிலைப்பாடு கூட்டணி ஒப்பந்தத்துல இருக்கணும்னு வாகன்க்னெக்ட் அடம்பிடிச்சாரு. கடைசில துரிங்கியாவுல சிடியு, எஸ்பிடி, வாகன்க்னெக்ட் கட்சி மூணும் சேர்ந்து எழுதின ஒப்பந்தத்தோட முன்னுரைல போரும் அமைதியும் பத்தி பேசி, இதுல எங்களுக்குள்ள கருத்து வேறுபாடு இருக்குன்னு ஒத்துக்கிட்டு, ஆட்சி அமைச்சாங்க. ஒரு மாநிலத்துல டீச்சர் பத்தாக்குறையைத் தீர்க்க ஆட்சி அமைக்கணும்னா கூட கிழக்கு உக்ரைன்ல சண்டை நடக்குற டான்பாஸைப் பத்தி பேசி முடிச்சாத்தான் முடியும்ங்கிற நிலைமை. உள்நாட்டு அரசியலும் வெளிநாட்டுப் போரும் கலக்குறதுன்னா என்னன்னு கேட்டா நான் இதைத்தான் காட்டுவேன்.

ஜெர்மனி மட்டும்தான் இப்படியான்னா இல்ல, ஆனா மத்த ஊர்ல காரணமே வேற. போலந்தும் சோவியத் பிடில இருந்த நாடுதான், அவங்க எடுத்துக்கிட்ட பாடம் நேர் எதிர், ரஷ்யாவை இங்கயே நிறுத்தலைன்னா அடுத்தது நாமன்னு கிட்டத்தட்ட எல்லாக் கட்சியும் ஒத்துக்கும். முதல் வாரங்கள்ல ஜனங்க எல்லைக்குப் போய் முன்பின் தெரியாத அகதிகளை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. அப்புறம் கோதுமை வந்துச்சு. கருங்கடல் வழி அடைபட்டதால உக்ரைன் தானியம் தரை வழியா போலந்துக்குள்ள குவிஞ்சு, உள்ளூர் விவசாயிக்கு விலை விழுந்துச்சு, 2023 அக்டோபர்ல தேர்தல். ஆளுங்கட்சியோட ஓட்டு வங்கி கிராமம், அதனால தானியத்துக்குத் தடை போட்டாங்க, செப்டம்பர்ல பிரதமர் மொராவியெட்ஸ்கி, இனிமே நாங்க உக்ரைனுக்கு ஆயுதம் அனுப்பல, எங்க ராணுவத்துக்குத்தான் வாங்குறோம்னு சொல்லி உலகத்தையே திரும்பிப் பாக்க வச்சாரு. நவம்பர்ல லாரிக்காரங்க எல்லையை மறிச்சாங்க, அடுத்த பிப்ரவரில விவசாயிங்க தானியத்தை ரோட்டுலயும் தண்டவாளத்துலயும் கொட்டினாங்க. இது போக 1943ல வோலினியாவுல உக்ரைன் தேசியவாதப் படை போலந்துக்காரங்களைக் கொன்னு குவிச்ச பழைய காயமும் இருக்கு, அது ஒவ்வொரு தேர்தலுக்கும் திறக்கும். ரஷ்யாவை வெறுக்குறதும் உக்ரைன்காரங்க மேல எரிச்சல் படுறதும் ஒரே மனுஷன்கிட்ட இருக்க முடியும்னு போலந்து காட்டுது.

ஹங்கேரில அப்போதைய பிரதமர் விக்டர் ஆர்பன் 2022 ஏப்ரல் 3 தேர்தலை, போர் ஆரம்பிச்சு ஆறு வாரம்கூட ஆகாதப்போ, அமைதியா போரான்னு மாத்திட்டாரு. எதிர்க்கட்சி வந்தா உங்க பிள்ளைங்களைப் போருக்கு அனுப்பிடுவாங்கன்னு பிரச்சாரம் பண்ணி மூணுல ரெண்டு பங்கு சீட்டு ஜெயிச்சாரு. உக்ரைனோட மேற்கு மூலைல ஹங்கேரி மொழி பேசுறவங்க இருக்காங்க, 2017ல உக்ரைன் கொண்டு வந்த கல்விச் சட்டத்துல அவங்க தாய்மொழிக் கல்வி சுருங்குனதுன்னு ஒரு நிஜமான மனக்குறை இருந்துச்சு, அதையும் அவர் நல்லா பயன்படுத்திக்கிட்டாரு. ஸ்லோவாகியாவுல ராபர்ட் ஃபிட்சோ 2023ல, ஒரு தோட்டாகூட உக்ரைனுக்குப் போகாதுன்னு சொல்லி ஜெயிச்சாரு, அரசாங்கக் கிடங்குல இருந்து குடுக்குறதை நிறுத்தவும் செஞ்சாரு, ஆனா அந்த நாட்டு ஆயுதக் கம்பெனிங்க வித்தது விக்கிறது எல்லாம் தொடர்ந்து நடந்துச்சு. மேடைப் பேச்சை மட்டும் கேட்டா இது தெரியாது, ஃபேக்டரி கேட்டுல என்ன வெளிய போகுதுன்னும் பாக்கணும்.

இத்தனை பேரைப் பத்தி பேசிட்டு உக்ரைன் ஜனங்களை விட்டுட்டா அது பெரிய தப்பு. அவங்களுக்கும் உள்நாட்டு அரசியல் உண்டு, போர்க்காலச் சட்டத்தால தேர்தல் நடக்கலைங்கிறதால அது செத்துப் போகல. 2024 ஏப்ரல்ல ராணுவத்துக்கு எடுக்குற வயசை 27ல இருந்து 25 ஆக்குனப்போ கடுமையான விவாதம் நடந்துச்சு. 2025 ஜூலைல ஊழல் தடுப்பு அமைப்புகளோட சுதந்திரத்தைப் பறிக்கிற மாதிரி ஒரு சட்டத்துல ஜெலன்ஸ்கி கையெழுத்துப் போட்டதும், போர் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் முதல் தடவையா அரசாங்கத்தை எதிர்த்து பெரிய அளவுல ஜனங்க தெருவுக்கு வந்தாங்க, அட்டைப் பெட்டியைக் கிழிச்சு அதுல வாசகம் எழுதிப் பிடிச்சாங்க, பத்து நாளைக்குள்ள சட்டம் திருத்தப்பட்டுச்சு. மேல ட்ரோன் பறக்கும்போதும் தன் அரசாங்கத்தைக் கேள்வி கேட்ட அந்தப் பசங்க மேல எனக்கு அவ்ளோ மரியாதை. ரஷ்யாவுல இதைச் செய்ய முடியாது, 2022 மார்ச்லயே ராணுவத்தைப் பத்தி பொய்ச் செய்தி பரப்புனா 15 வருஷம் வரைக்கும் ஜெயில்னு சட்டம் போட்டுட்டாங்க, அதனால அங்க எடுக்குற கருத்துக்கணிப்பையும் ஜெர்மனில எடுக்குற கருத்துக்கணிப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடக் கூடாது, பதில் சொல்றவனுக்குப் பயம் இருந்தா அந்த நம்பருக்கு அர்த்தம் வேற.

திரும்ப ஜெர்மனிக்கு, இப்போ பணம். ஜெர்மன் அரசியல் சட்டத்துல 2009ல சேத்த ஒரு விதி இருக்கு, மத்திய அரசு வருஷத்துக்கு நாட்டு வருமானத்துல 0.35 சதவீதத்துக்கு மேல கடன் வாங்கக் கூடாது, அவசர நிலைமைன்னு நாடாளுமன்றம் அறிவிச்சாத்தான் விலக்கு. 2023 நவம்பர்ல அரசியல் சட்ட நீதிமன்றம், கொரோனாவுக்குன்னு ஒதுக்குன 60 பில்லியனை வேற செலவுக்கு மாத்துனது செல்லாதுன்னு தீர்ப்பு சொன்னதுல இருந்து கஜானா காலி. இப்போ உக்ரைனுக்குக் குடுக்குற ஒவ்வொரு யூரோவும் வேற எங்கிருந்தோ எடுத்தது மாதிரி தெரிய ஆரம்பிச்சுது. விவசாயிக்கு டீசல் மானியம் வெட்டுனாங்க, டிராக்டர் பெர்லினுக்கு வந்துச்சு. பத்து லட்சத்துக்கும் மேல உக்ரைன் அகதிங்க, அவங்களுக்கு மத்த அகதிகளை விட அதிகமா, ஜெர்மன்காரங்களுக்குக் கிடைக்கிற அதே உதவித்தொகை, அதுவும் பேசுபொருள் ஆச்சு. 2024 நவம்பர் 6, அமெரிக்காவுல டிரம்ப் ஜெயிச்ச செய்தி வந்த அதே நாள் ராத்திரி, ஷோல்ஸ் தன் கூட்டணிக் கட்சித் தலைவரும் நிதியமைச்சருமான கிறிஸ்டியன் லிண்ட்னரை டிஸ்மிஸ் பண்ணாரு. கூட்டணிக்குள்ள பல மாசமா பொருளாதாரச் சண்டை இருந்துச்சு, ஆனா கடைசி மோதல்ல முக்கியமான ஒண்ணு, உக்ரைனுக்குக் கூடுதலா 3 பில்லியன் யூரோ குடுக்க அவசர நிலை அறிவிச்சு கடன் வாங்கலாமா கூடாதாங்கிறது. லிண்ட்னர் முடியாதுன்னாரு, ஆட்சி போச்சு.

2025 பிப்ரவரி 23 தேர்தல். சிடியுவும் அதோட பவேரியா கூட்டாளியும் சேர்ந்து 28.5 சதவீதம், ஏஎஃப்டி 20.8, எஸ்பிடி 16.4, லிண்ட்னர் கட்சி நாடாளுமன்றத்துக்குள்ள போகத் தேவையான 5 சதவீத வாசலைத் தாண்டாம வெளிய, வாகன்க்னெக்ட் கட்சி 4.98, பத்தாயிரம் ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்துல வெளிய. கடன் விதியைக் காப்பாத்துவேன்னு பிரச்சாரம் பண்ணி ஜெயிச்சவரு சிடியுவோட ஃப்ரெட்ரிக் மெர்ஸ். அஞ்சு நாள் கழிச்சு வெள்ளை மாளிகைல ஜெலன்ஸ்கியை கேமரா முன்னாடி டிரம்ப் திட்டி அனுப்பினாரு. மார்ச் 4 அன்னிக்கு மெர்ஸ் மேடைக்கு வந்து, பாதுகாப்புச் செலவுக்குக் கடன் விதில இருந்து விலக்கு, ரோடு பாலம் ரயிலுக்கு 500 பில்லியன் தனி நிதின்னு அறிவிச்சாரு. இதுக்கு மூணுல ரெண்டு பங்கு ஆதரவு வேணும், புது நாடாளுமன்றத்துல ஏஎஃப்டியும் லிங்கயும் சேர்ந்தா தடுத்துடலாம், அதனால தேர்தல் முடிஞ்சு போன பழைய நாடாளுமன்றத்தையே மார்ச் 18 அன்னிக்குக் கூட்டி ஓட்டெடுத்து நிறைவேத்தினாங்க. சட்டப்படி சரி. உக்ரைன் நிலைமைக்கு அவசரமும் இருந்துச்சு, அதையும் ஒத்துக்குறேன். ஆனா எந்த வாக்குறுதியை நம்பி ஓட்டுப் போட்டாங்களோ அது ரெண்டு வாரத்துல காத்துல போனப்போ, போரைப் பத்தி பெருசா கருத்தே இல்லாத சிடியு ஓட்டர் கூட கோவப்பட்டாரு, அந்தக் கோவம் ஏஎஃப்டிக்குத்தான் லாபம். இதே ஓட்டெடுப்புல இன்னொண்ணு, நாடாளுமன்றத்துல எதிர்த்து ஓட்டுப் போட்ட லிங்க கட்சி, தான் கூட்டணில இருக்குற ப்ரெமன், மெக்லன்பர்க் மாநில அரசுகள் மூலமா மேல்சபைல ஆதரவா நின்னுச்சு, ஏன்னா அந்த 500 பில்லியன்ல மாநிலத்துக்கும் பங்கு வருது.

ஆக ஒரு ஜெர்மன்காரர் இந்தப் போரைப் பத்தி ஒரு கருத்து சொன்னா, அவர் எந்த ஊரு, அவங்க வீட்டுல 1953ஐப் பத்தி பேசுவாங்களா 1990ஐப் பத்தி பேசுவாங்களா, வீட்டை எதுல சூடாக்குறாரு, போன தேர்தல்ல யாரை நம்பி ஏமாந்தாருங்கிறது எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள்ள இருக்கு. அவரைப் பார்த்து புடின் கைக்கூலின்னோ போர்வெறியன்னோ கத்துனா அவர் கருத்து மாறப் போறதில்ல, அவரை அப்படிக் கூப்பிடாத கட்சியைத் தேடிப் போவாரு, அவ்வளவுதான், கிழக்கு மாநிலங்கள்ல நடந்ததுல பெரிய பங்கு இதுதான்னு நான் நினைக்கிறேன்.

இப்போ கேள்வி அடுத்த கட்டத்துக்குப் போயிடுச்சு. ஜெர்மனில கட்டாய ராணுவ சேவையை 2011ல நிறுத்தி வச்சிருந்தாங்க. ஏறக்குறைய 1,84,000 சிப்பாய்ங்க இருக்குற ராணுவத்தை 2,60,000 ஆக்கணும்னு 2025 டிசம்பர் 5 அன்னிக்கு ஒரு புதுச் சட்டம் நிறைவேத்தினாங்க. அதன்படி 2008லயும் அதுக்கு அப்புறமும் பொறந்தவங்களுக்கு 18 வயசு ஆனதும் ராணுவத்துல இருந்து ஒரு கேள்வித்தாள் வரும், பசங்க கட்டாயம் பூர்த்தி பண்ணி அனுப்பணும், பொண்ணுங்களுக்கு விருப்பம் இருந்தா போதும். சேர்றது இப்போதைக்கு விருப்பத்தின் பேர்லதான், மாசம் 2,600 யூரோ சம்பளம்னு ஆசை காட்டுறாங்க. ஓட்டெடுப்பு நடந்த அன்னிக்கே நிறைய ஊர்ல ஸ்கூல் பசங்க கிளாஸைப் புறக்கணிச்சு தெருவுக்கு வந்தாங்க. போதுமான ஆள் சேரலைன்னா கட்டாயம் ஆக்கலாமாங்கிறதுக்கு நாடாளுமன்றம் இன்னொரு தடவை தனியா ஓட்டுப் போடணும்னு அந்தச் சட்டத்துலயே எழுதி வச்சிருக்காங்க, அந்த ஓட்டெடுப்பு வந்தா கிழக்குல இருக்குற ஷ்வெட்லயும் மேற்கு ஜெர்மனியா இருந்த பக்கம் இருக்குற மியூனிக்லயும் ஒரே மாதிரி பதில் வராது.